மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ 124: வடிவமும் உருவாக்கமும் பற்றி கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் ஒரு காலத்தில் பெருமையோடு ஓடிய பழைய பென்ஸ் கார்கள் பல, இன்று கைமாறி ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வந்து சேர்கின்றன. அவற்றை வாங்கியவர்களும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களும், பாலிடெக்னிக் மாணவர்களும், லாரிப் பட்டறைகளில் பல்லாண்டு வேலை பார்த்த மெக்கானிக்குகளும் எங்கள் பட்டறையில் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து விடையளித்திருக்கிறோம். பராமரிப்புக் குறிப்புகளும் உண்டு. ஆனால் இந்தக் கார் ஏன் இப்படி வடிவமைக்கப்பட்டது என்பதை விளக்குவதுதான் முதல் நோக்கம். அது புரியாமல் இதில் கைவைத்தால் நல்ல காரும் பாழாகிவிடும்.

கேள்வி: டபிள்யூ 124 என்பது எந்தக் கார்?

1984 நவம்பரில் ஸ்பெயின் நாட்டின் செவில் நகரில் பத்திரிகையாளர்களுக்குக் காட்டப்பட்டு, 1985 தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த நடுத்தர அளவு மெர்சிடிஸ் செடான் இது. 200, 230 இ, 300 டி என்று என்ஜின் அளவை ஒட்டிய எண்களால் முதலில் அழைக்கப்பட்டது. 1993-இல்தான் எண்ணுக்குப் பின்னால் இருந்த எழுத்து முன்னால் வந்து, இ 220, இ 250 என்றாகி, இ-கிளாஸ் என்ற பெயர் நிலைத்தது. டபிள்யூ 124 என்பது தொழிற்சாலை தனக்குள் வைத்துக்கொண்ட குறியீடு. செடான், எஸ்டேட், கூப்பே, கேப்ரியோலே என எல்லா வகையும் சேர்த்து 25 லட்சத்துக்கு மேல் தயாரிக்கப்பட்டன. அவற்றில் செடான் மட்டுமே 20 லட்சத்தைத் தாண்டியது.

கேள்வி: அப்போது நன்றாக விற்றுக்கொண்டிருந்த பழைய மாடலை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டிய தேவை என்ன?

இதற்கு முந்தைய டபிள்யூ 123, 1976-இல் வெளிவந்து உலகெங்கும் பேர் வாங்கிய கார். டாக்சிக்காரர்கள் அதை விரும்பினார்கள். உழைப்பில் அதற்கு இணை குறைவு. இருந்தாலும் அது வெளிவந்த கையோடு அடுத்த மாடலுக்கான வேலை தொடங்கிவிட்டது. 1973-இலும் 1979-இலும் உலகை உலுக்கிய எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பின், பெரிய காரென்றால் பெட்ரோலைக் குடிக்கத்தான் செய்யும் என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாத நிலை உருவானது. டபிள்யூ 123-இன் உடல் காற்றைக் கிழித்துச் செல்வதில் பின்தங்கியிருந்தது. சக்கரங்களைக் காரோடு பிணைத்து அதிர்வைத் தாங்கும் அதன் பின்பக்க சஸ்பென்ஷனும் அந்தக் காலத்துக்குச் சரியானதே தவிர, கூடிக்கொண்டே போன வேகத்துக்கு ஈடுகொடுக்கும் என்று சொல்ல முடியாது. எனவே எடை, காற்றுத் தடை, எரிபொருள் ஆகிய மூன்றையும் குறைக்க வேண்டும், பாதுகாப்பையும் சொகுசையும் துளிகூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற கடினமான நிபந்தனையோடு இந்தக் கார் பிறந்தது. உயர்வலிமை எஃகுத் தகடுகளைப் பயன்படுத்தியதால், அடிப்படை மாடல்களின் எடை முன்னோடியை விடக் குறைந்தது.

கேள்வி: வடிவமைத்தவர் யார்?

ஒரே ஒருவர் பெயரைச் சொல்வது முறையாகாது. வடிவமைப்புத் துறை முழுவதும் சேர்ந்து செய்த வேலை இது. அத்துறைக்கு 1975 முதல் 1999 வரை தலைமை தாங்கியவர் புரூனோ சாக்கோ. இத்தாலியின் ஊடினே நகரில் 1933-இல் பிறந்து, 1958-இல் மெர்சிடிஸில் சேர்ந்து, 2024-இல் மறைந்தவர். அவர் தமக்கென இரண்டு விதிகளை வைத்திருந்தார். ஒரே காலத்தில் விற்கப்படும் சிறிய கார், நடுத்தரக் கார், பெரிய கார் ஆகிய எல்லாமே ஒரு குடும்பத்துப் பிள்ளைகளாகத் தெரிய வேண்டும் என்பது முதல் விதி. புதிய மாடல் வந்தவுடன் பழைய மாடலை வைத்திருப்பவர், தம் கார் கிழடாகிவிட்டதே என்று வருந்தும் நிலை வரக் கூடாது என்பது இரண்டாவது.

இந்த இரண்டாவது விதியை நான் மிகவும் மதிக்கிறேன். வாங்கியவரை மூன்றே ஆண்டில் அலுத்துப்போகச் செய்து அடுத்ததை விற்பதுதான் வியாபாரம் என்று எண்ணும் காலத்தில், ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கியவரின் மனத்தையும் கணக்கில் எடுத்து ஒரு காருக்குக் கோடு வரைந்திருக்கிறார்கள். 1979-இன் பெரிய எஸ்-கிளாஸையும், 1982-இன் சிறிய 190-ஐயும், இந்த டபிள்யூ 124-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் அந்த உறவு கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: பார்ப்பதற்கு ஒரு பெட்டி மாதிரிதானே இருக்கிறது? இதில் என்ன அழகு என்று கிளாசிக் என்கிறார்கள்?

தொலைவில் நின்று பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பின்பக்கமாக வந்து, குனிந்து உட்கார்ந்து பாருங்கள். காரின் உடல் பின்சக்கரத்தைத் தாண்டியதும் உள்நோக்கி ஒடுங்குவது தெரியும். பின்னால் காற்று சுழன்று காரை இழுக்காமல் இருப்பதற்காகச் செய்த ஒடுக்கம் அது. டிக்கி மூடியின் மேல் விளிம்பு லேசாக நிமிர்ந்து முடிவதும் அதே காரணத்துக்காகத்தான். அந்த மூடி இரண்டு விளக்குகளுக்கும் நடுவே கீழ்நோக்கிக் குறுகி, பம்பரைத் தொடும் அளவுக்கு இறங்குகிறது. பாரமான பெட்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி உள்ளே போட வேண்டிய தொல்லை இதனால் குறைகிறது.

பின்விளக்கைக் கையால் தடவிப் பாருங்கள். மேல்பரப்பு வழவழப்பாக இருக்காது; படுக்கைவாட்டில் மேடும் பள்ளமுமாக வரி வரியாக இருக்கும். மழைக்காலத்தில் சேறு தெறித்தால் மேட்டில்தான் படியும். பள்ளத்தில் அவ்வளவாகத் தங்காது. அதனால் விளக்கு முழுவதும் மறைந்துபோகாமல், பின்னால் வருபவர் கண்ணுக்கு வெளிச்சம் தெரிந்துகொண்டே இருக்கும். மெர்சிடிஸ் கார்களில் 1970-களின் தொடக்கத்திலிருந்தே இருந்துவரும் அமைப்பு இது. ராயக்கோட்டைச் சாலையில் தக்காளி லாரிக்குப் பின்னால் மழையில் ஓட்டிவந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் துடைக்காமல் அந்த விளக்கை ஒருமுறை பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

இப்படி ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வேலையில்லாத கோடு இந்தக் காரில் மிகக் குறைவு என்பதே இதை நான் கிளாசிக் என்று சொல்வதற்குக் காரணம். 1989-இல் கதவுகளின் கீழ்ப்பாதியில் அகலமான பிளாஸ்டிக் பட்டைகள் பொருத்தப்பட்டன. அவை மட்டும் என் கண்ணுக்குச் சற்று மிகையாகவே தெரிகின்றன. ஆனால் கல் தெறித்துப் பெயிண்ட் போவதைத் தடுப்பதில் அவற்றுக்கும் பங்குண்டு.

கேள்வி: காற்றுத் தடை எண் 0.29 என்கிறார்களே, நம் ஊர்ச் சாலையில் அதனால் என்ன பயன்?

ஒரு பொருளின் வடிவம் காற்றை எவ்வளவு எளிதாக விலக்குகிறது என்பதைக் காட்டும் எண் அது. குறையக் குறைய நல்லது. டபிள்யூ 123-க்கு அது 0.40-க்கு மேல் இருந்தது. டபிள்யூ 124-இல் மாடலைப் பொறுத்து 0.30-ஐ ஒட்டி, சிலவற்றில் 0.29 வரை இறங்கியது. 1984-இல் நான்கு கதவுள்ள, ஐந்து பேர் வசதியாக உட்காரும் காருக்கு இது பெரிய சாதனை.

பயனைக் கணக்காகவே பார்க்கலாம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டருக்கு வேகத்தைக் கூட்டினால், தடை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது; அதை வெல்ல என்ஜின் தர வேண்டிய திறனோ ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அந்த வேகத்தில் என்ஜினின் உழைப்பில் பெரும்பங்கு காற்றோடு மல்லுக்கட்டுவதற்கே போவதால், தடை எண்ணைக் கால்வாசிக்கும் மேல் குறைத்தால் டீசல் மிச்சமாகிறது, காற்றின் இரைச்சலும் அடங்குகிறது. ஊருக்குள் முப்பதிலும் நாற்பதிலும் ஓட்டுபவருக்கு இதனால் பெரிய வேறுபாடு தெரியாது. மேலே கேரியர் பொருத்துவது, டிக்கியின் மேல் இறக்கை ஒட்டுவது போன்ற வேலைகளைச் செய்யாதீர்கள் என்று நாங்கள் சொல்வதும் இதனால்தான். காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய வடிவத்தைப் பத்து நிமிடத்தில் கெடுத்துவிடலாம்.

கேள்வி: ஒரே ஒரு வைப்பர்தான் இருக்கிறது. இன்னொன்று கழன்று போய்விட்டதா?

இல்லை. இது ஒற்றை வைப்பராகவே வடிவமைக்கப்பட்டது. சாதாரண வைப்பர் வட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் துடைக்கும். கண்ணாடியின் மேல் மூலைகள் இரண்டும் விடுபட்டுப் போகும். இதில் வைப்பர் தண்டு சுழலும்போதே, உள்ளே இருக்கும் பல்சக்கர அமைப்பு அதை மூலைகளுக்கு நேராக வெளியே நீட்டி, நடுவில் உள்ளே இழுத்துக்கொள்கிறது. இப்படிக் கண்ணாடியின் 86 விழுக்காட்டுப் பரப்பை ஒரே தண்டு துடைத்துவிடுகிறது.

நம் பக்கத்தில் இதற்கு வரும் கேடு மழையால் வருவதைவிட வெயிலால் வருவதே அதிகம். மாதக்கணக்கில் வேலையின்றிக் கிடக்கும்போது உள்ளே இருக்கும் கிரீஸ் காய்ந்து இறுகிப்போகிறது. பிறகு ஐப்பசி மழையில் திடீரென்று போட்டால் மோட்டார் திணறுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை அமைப்பைத் திறந்து கிரீஸ் வைப்பது நல்லது. காய்ந்த கண்ணாடியின் மேல் ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

கேள்வி: பின்சக்கர சஸ்பென்ஷனைப் பற்றி எல்லோரும் புகழ்கிறார்களே, அதில் அப்படி என்ன சிறப்பு?

இந்தக் காரின் உருவாக்கத்தில் தலையாய பகுதி இதுதான். ஆகவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

வெளியில் எதனோடும் பிணைக்கப்படாத ஒரு சக்கரத்துக்கு ஆறு விதமான அசைவுகள் உண்டு. மேலும் கீழும், முன்னும் பின்னும், இடமும் வலமும் நகர்வது மூன்று. இந்த மூன்று திசைகளையும் அச்சாகக் கொண்டு திரும்புவது மூன்று. சஸ்பென்ஷனுக்கு வேண்டியதோ ஒரே ஒரு அசைவு, அதாவது குண்டு குழிக்கு ஏற்ப மேலும் கீழும் போவது. மற்ற ஐந்தையும் தடுக்க வேண்டும். முன்னோடியான டபிள்யூ 123-இல் சாய்வாகப் பொருத்திய ஒரே கை அந்த ஐந்து வேலைகளையும் சேர்த்துச் செய்தது. அதில் சக்கரம் மேலே ஏறும்போதே சற்றுச் சாயும், திரும்பவும் செய்யும். வளைவில் வேகமாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், காரின் பின்புறம் தன் போக்குக்குப் போகப் பார்க்கும்.

பொறியாளர்கள் பல வகை அமைப்புகளைக் கட்டிப் பார்த்துக் கழித்து, கடைசியில் ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் தனித்தனியாக ஐந்து இணைப்புத் தண்டுகள் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஐந்து அசைவுகளைத் தடுக்க ஐந்து தண்டுகள். மிஞ்சுவது மேலும் கீழும் போகும் அசைவு மட்டும். 1982-இல் வந்த சிறிய 190 காரில் இது முதலில் இடம்பெற்றது. அதன் பின் டபிள்யூ 124-க்கு வந்தது. தண்டுகள் ஒவ்வொன்றின் நீளத்தையும் கோணத்தையும் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் வித்தை இருக்கிறது. பிரேக் அழுத்தும்போதும், வளைவில் பாரம் ஒருபக்கம் சாயும்போதும், டயர் சாலையைப் பார்க்கும் திசை ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. சக்கரத்தின் திசையைக் காக்கும் பொறுப்பு தண்டுகளுக்குப் போய்விட்டதால், தண்டுகளின் முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்களை மெத்தென்று வைக்க முடிந்தது. உறுதியும் மென்மையும் ஒன்றுக்கொன்று பகை என்று இருந்த நிலையை இந்த ஏற்பாடு மாற்றிவிட்டது. பிற நிறுவனங்களும் பின்னாளில் இதே வழிக்கு வந்தன.

இதிலிருந்து பராமரிப்புக்கு ஒரு பாடம் உண்டு. ஐந்து தண்டுகளில் ஒன்றின் புஷ் தேய்ந்தாலும் மற்ற நான்கும் சேர்ந்து ஈடுகட்ட முடியாது. அந்த ஒரு அசைவு தடையின்றிப் போய்விடும். பின் டயர்கள் உள்விளிம்பில் மட்டும் தேய்கின்றனவா, பள்ளத்தில் இறங்கும்போது பின்னால் டொக்கென்று சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். அப்படியிருந்தால் ஷாக் அப்சார்பரை மாற்றுவதற்கு முன் தண்டுகளின் புஷ்களைத்தான் பார்க்க வேண்டும். ஷாக் அப்சார்பரை மாற்றிப் பணத்தை வீணாக்கியபின் எங்களிடம் வருபவர்களே அதிகம்.

கேள்வி: தொப்பூர் கணவாயில் இறங்கும்போது ஆட்டோமேட்டிக் கியர் காரை எப்படி ஓட்ட வேண்டும்?

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய் எத்தனையோ லாரிகள் விபத்துக்குள்ளாகியிருக்கின்றன. லாரி ஓட்டுநர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைதான் இங்கும்: எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நான்கு வேக ஆட்டோமேட்டிக் காரில் லீவரை டி-யிலிருந்து 3-க்கும், சரிவு கடுமையானால் 2-க்கும் மாற்றி, என்ஜினையே பிரேக்காகப் பயன்படுத்த வேண்டும். அந்த லீவர் நேர்க்கோட்டில் போகாமல் வளைந்து வளைந்து போகும் தடத்தில் நகர்வதைக் கவனித்திருப்பீர்கள். எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கைக்கே தெரியச் செய்வதற்காக அப்படி வெட்டியிருக்கிறார்கள். நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் இருந்தாலும், சரிவு முழுவதும் மிதித்துக்கொண்டே இறங்கினால் அதுவும் சூடாகத்தான் செய்யும். பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியிருக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சிய பழைய எண்ணெய் சூட்டில் கொதித்து, பெடல் சட்டென்று இறங்கிவிடும்.

கேள்வி: இவ்வளவு பழைய கார் விபத்தில் காப்பாற்றுமா?

இன்றைய காருக்கு இணை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டோம். ஆனால் அதன் காலத்தில் இது முன்னணியில் இருந்தது. மெர்சிடிஸ் நிறுவனம் 1969 முதல் சாலை விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்துவந்தது. அந்த ஆய்வில், நேருக்கு நேர் மோதல்களில் கார்கள் முழு அகலத்துக்கு மோதுவதைவிட, ஒருபக்கமாக மோதுவதே அதிகம் என்று தெரியவந்தது. லாரியை முந்தப் போய் எதிரே வரும் வண்டியில் மோதுவது இதற்கு எடுத்துக்காட்டு. சட்டம் அப்போது சுவரில் முழு அகலத்துக்கு மோதும் சோதனையை மட்டுமே கேட்டது. இவர்களோ ஒருபக்க மோதலையும் கணக்கில் எடுத்து முன்பக்கச் சட்டகத்தை அமைத்தார்கள். ஓட்டுநர் பக்க ஏர்பேக் 1992-இல் இயல்பான பொருத்தமாக வந்தது. அதற்கு முந்தைய கார்களில் பணம் கட்டி வாங்கியவர்களுக்கே உண்டு. பின் இருக்கையிலும் பெல்ட் இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சொகுசுக் கார் என்கிறார்கள், உட்கார்ந்தால் இருக்கை கெட்டியாக இருக்கிறதே?

ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பவருக்காக அந்த இருக்கை செய்யப்படவில்லை. உள்ளே வெறும் ஸ்பாஞ்சு இல்லை. சுருள்வில்களும், அவற்றின் மேல் ரப்பர் ஏற்றிய இயற்கை நார் அடுக்கும் இருக்கின்றன. உடலின் எடையை ஒரே இடத்தில் அமுக்காமல் பரவலாகத் தாங்குவதும், வியர்வை தங்காமல் காற்று ஊடுருவுவதும் இதன் பயன். கிருஷ்ணகிரியிலிருந்து நாகர்கோவில் வரை ஓட்டிப் போய் இறங்கும்போதுதான் இந்த இருக்கையின் அருமை இடுப்புக்குத் தெரியும். பழைய இருக்கை அமுங்கிவிட்டால் சீட் கவர் கடையில் கொடுத்து உள்ளே ஸ்பாஞ்சு நிரப்பச் சொல்லாதீர்கள். வில்லையும் நார் அடுக்கையும் சரிசெய்யத் தெரிந்தவரைத் தேடுங்கள். கயிற்று நாரில் வேலை செய்பவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை.

மின்சார இருக்கை உள்ள கார்களில், கதவில் இருக்கும் சுவிட்சே ஒரு குட்டி இருக்கையின் வடிவில் இருக்கும். முதுகுப் பகுதியைச் சாய்த்தால் முதுகு சாயும், அடிப்பகுதியை நகர்த்தினால் இருக்கை நகரும். படிக்கத் தெரியாதவரும் முதல் தடவையிலேயே சரியாகப் பயன்படுத்துவார்.

கேள்வி: இந்தியாவில் தயாரான கார்களில் எந்த என்ஜின் இருந்தது? பூனேவுக்கு எப்படி வந்தது?

டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) நிறுவனமும், மெர்சிடிஸ் கார்களைத் தயாரித்த ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் 1954-இலேயே கைகோத்து, ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரித்தன. அந்த ஒப்பந்தம் 1969 வரை நீடித்தது. நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் 'பென்ஸ் லாரி' என்று சொல்வது அந்த வண்டிகளைத்தான். பொருளாதாரக் கொள்கை தளர்ந்தபின், 1994-இல் இதே இரண்டு நிறுவனங்களும் கூட்டாகக் கார் நிறுவனத்தைத் தொடங்கின. 1995-இல் பூனேயிலிருந்து முதலில் வெளிவந்தது இந்த டபிள்யூ 124 தான். இ 220-இல் இருந்தது நான்கு சிலிண்டர், 16 வால்வு, 2.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின். திறன் 150 குதிரைத்திறன். டீசல் விரும்பியவர்களுக்கு ஐந்து சிலிண்டர், 2.5 லிட்டர் என்ஜினுடன் இ 250 வந்தது.

ஜெர்மனியில் அதே 1995-இல் அடுத்த மாடல் வந்துவிட்டது. அங்கே விடைபெற்றுக்கொண்டிருந்த காரை இங்கே புதிது என்று விற்கிறார்களே என்ற முணுமுணுப்பு அப்போது எழுந்தது இயல்புதான். ஆனால் இன்று வாங்குபவருக்கு அதுவே நல்லதாகிவிட்டது. 1985-இல் வந்த முதல் கார்களில் குறைகள் இருந்தன. ஜெர்மனியின் டாக்சி ஓட்டுநர்கள் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பத்தாண்டு திருத்தங்களுக்குப் பிறகு வந்த காரே நமக்குக் கிடைத்தது.

கேள்வி: போர்ஷே செய்த பென்ஸ் என்று ஒன்று உண்டாமே?

500 இ என்ற மாடல் அது. 1990-இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமானது. ஐந்து லிட்டர் வி8 என்ஜின், 326 குதிரைத்திறன். அகலமான அதன் உடல் வழக்கமான உற்பத்தி வரிசைக்குள் நுழையாததால், பொருத்தும் வேலையின் பெரும்பகுதி ஷ்டுட்கார்ட்டின் ட்ஸுஃபன்ஹௌசனில் உள்ள போர்ஷே தொழிற்சாலையில் நடந்தது. நம் வட்டாரத்தில் யாராவது இதை விற்க வந்தால், முதலில் ஆவணங்களைப் பாருங்கள்.

கேள்வி: என்ஜின் அடிக்கடி சூடாகிறது. வடிவமைப்பிலேயே கோளாறா?

வடிவமைப்பைக் குறை சொல்வதற்கு முன், ரேடியேட்டரில் எந்தத் தண்ணீர் ஊற்றப்படுகிறது என்று கேளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் ஃப்ளூரைடும் எவ்வளவு என்பது ஊரறிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். அந்தத் தண்ணீரை ஊற்றினால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். சிலிண்டர் ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு. சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வது கேஸ்கட். ஒருமுறை நன்றாகச் சூடேறினால் கேஸ்கட்டோடு போகாது, ஹெட்டும் வளைந்துவிடலாம். கனிமம் நீக்கிய தண்ணீரும் முறையான கூலண்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். என்ஜின் சூட்டுக்கேற்பப் பிடித்து விடும் விசிறியின் கிளட்ச் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: சாவியைத் திருப்பி எடுத்தபின்னும் டீசல் என்ஜின் நிற்காமல் ஓடுகிறது. என்ன செய்வது?

பதற வேண்டாம். இந்த டீசல் என்ஜின்கள் மின்சாரத்தால் நிற்பவை அல்ல, வெற்றிடத்தால் நிற்பவை. சாவியைத் திருப்பியதும் ஒரு மெல்லிய குழாய் வழியாக வெற்றிடம் டீசல் பம்புக்குப் போய் எரிபொருளை அடைக்கும். குழாயில் எங்கேனும் கசிவு இருந்தால் அது நடக்காது. போனெட்டைத் திறந்து, பம்பின் அருகே இருக்கும் நிறுத்து நெம்புகோலைக் கையால் அமுக்கினால் என்ஜின் நின்றுவிடும். பிறகு குழாய்களை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். வெயிலில் விறைத்துப்போன ரப்பர் இணைப்பில்தான் பெரும்பாலும் வெடிப்பு இருக்கும். இந்தக் காரின் போனெட் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும்படி வடிவமைக்கப்பட்டிருப்பதால், பின்பக்கச் சுவர் வரை கை எட்டும்.

கேள்வி: வாங்குவதற்கு முன் எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

1990-களின் முதல் பாதியில் வந்த பெட்ரோல் கார்களில் என்ஜின் ஒயரிங்கைப் பாருங்கள். அந்த ஆண்டுகளில் பயன்படுத்திய மேலுறை சூட்டில் நாளடைவில் பொரிந்து உதிர்ந்துவிடும்; ஒயரை லேசாக வளைத்தாலே செம்பு தெரியும். அப்படியிருந்தால் டேப் சுற்றி ஒப்பேற்றக் கூடாது. ஒயரிங்கையே மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். அடுத்ததாக ஜாக்கி வைக்கும் இடங்களில் துரு. அதன் பிறகு, என்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் தண்டின் ரப்பர் கப்ளிங்கில் வெடிப்பு. பெயிண்ட் மங்கியிருப்பது கடைசிக் கவலை.

விலை குறைவு என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். கவனிக்காமல் விட்ட காரை வாங்குவது யானையைக் கட்டித் தீனி போடும் வேலையாகத்தான் முடியும்.

கேள்வி: ஆர்.சி. புதுப்பிக்க முடியுமா? வின்டேஜ் வாகனமாகப் பதியலாமா?

சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சான்று பெற்று ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். தமிழ்நாட்டில் பசுமை வரியும் கட்ட வேண்டும். கர்நாடகப் பதிவு எண்ணுள்ள காராக இருந்தால், அங்கே தடையில்லாச் சான்று வாங்கிய பின்னரே இங்கே மாற்ற முடியும். பணம் கொடுப்பதற்கு முன்பே அந்தச் சான்றை விற்பவர் பொறுப்பில் வைத்துவிடுங்கள். வின்டேஜ் பதிவுக்கு 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, வாகனம் 50 ஆண்டுகளைக் கடந்திருக்க வேண்டும். டபிள்யூ 124 எதற்கும் இன்னும் அந்த வயது வரவில்லை.

கேள்வி: உதிரிபாகங்களை ஓசூரிலேயே செய்துகொள்ள முடியாதா?

சிலவற்றை முடியும். ஓசூரின் சிறுதொழிற்பேட்டைகளில் இருக்கும் லேத் வேலைக்காரர்களின் கைத்திறனில் எங்களுக்கு நிறைந்த நம்பிக்கை உண்டு. உலோகப் புஷ், பிராக்கெட், பின், வைப்பர் அமைப்பின் தேய்ந்த தண்டு போன்றவற்றை மாதிரியைக் கொடுத்தால் அச்சாகச் செய்து தருவார்கள். ரப்பர் பாகங்களில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். பின் சஸ்பென்ஷனின் ஒவ்வொரு புஷ்ஷுக்கும் ரப்பரின் கெட்டித்தன்மை தனித்தனியாகக் கணக்கிடப்பட்டது. சிலவற்றில் ஒரு திசையில் மென்மையாகவும் மறுதிசையில் உறுதியாகவும் இருக்கும்படி செய்திருக்கிறார்கள். அளவு பொருந்துகிறது என்று கெட்டியான ரப்பரை அடித்து ஏற்றினால், கார் லாரி போல அதிரும். மென்மையானதை ஏற்றினால் வளைவில் அலையும். பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் ரப்பர் ஆகிய மூன்றுக்கும் முறையான பாகத்தை வரவழைத்துப் போடுங்கள், காத்திருக்க நேர்ந்தாலும் சரி. புஷ்களைப் போட்டு முடித்து போல்ட்டுகளை இறுதியாக முறுக்கும்போது, கார் தன் எடையோடு சக்கரங்களின் மேல் நிற்க வேண்டும். தொங்கவிட்ட நிலையில் முறுக்கினால், இறக்கியவுடனே ரப்பர் முறுக்கிக்கொண்டு சில மாதங்களில் கிழிந்துவிடும்.